மோதிரத்தில் ஒரு கதிர்மணி

ஸ்கேன் பிரிவு மருத்துவர் கிளாடிசுக்குப் புரியவே இல்லை. சி.டி. ஸ்கேனுக்கு வந்திருந்த மாசானத்துக்கு வருடம் தவறாமல் சிறுநீரகக் கல் வரும். வரும்போதெல்லாம் ஸ்கேன் எடுத்திருக்கிறார். உடம்பில் எக்ஸ்ரே கதிர் சேரச் சேர, எல்லோரும் அணியும் கதிர்மணி மஞ்சளாகிப் பிறகு சிவக்க வேண்டும். சிவந்துவிட்டால் அதற்குமேல் ஸ்கேன் ஆபத்து. அவர் வெள்ளி மோதிரத்தில் பதித்திருந்த மணியோ பச்சையாகவே இருந்தது.

"பச்சைதான, எடுங்கம்மா. வலி உயிர் போகுது."

"அண்ணாச்சி, மோதிரத்தக் கழட்டுவியளா?"

அவர் மனைவி பேச்சியம்மாள் சிரித்தாள். "நல்லாக் கேட்டிய போங்க! உள்ள போகையில உலோகம் ஆகாதுன்னு நீங்கதான கழட்டச் சொல்லுதிய? எப்பவும் என் முந்தானையிலதான் முடிஞ்சி வச்சிருப்பேன்."

மணி இதுவரை பார்த்தது வெளியே கிடந்த பெஞ்சைத்தான்.

கிளாடிஸ் அல்ட்ராசவுண்டில் பார்த்தாள். அதில் கதிரே இல்லை. ஒலி மோதித் திரும்பிய இடத்தில் கல் தெளிவாகத் தெரிந்தது. பிறகு மோதிரத்திலிருந்து பெயர்த்தெடுத்த மணியை மட்டும் சி.டி. மேசையில் வைத்து, அவர் எத்தனை ஸ்கேன் எடுத்தாரோ அத்தனை முறை இயந்திரத்தை ஓட்டினாள். மணி சிவந்தது.

பேச்சியம்மாள் அதைக் கணவரின் அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டினாள். கயிறு வெறும் நூல். எந்த ஸ்கேனுக்கும் கழற்ற வேண்டியதில்லை.