ஒரு நிமிஷம் இருபத்தைந்து நொடி

முதல் ஹீட் முடிந்து கரையேறிய ஆறு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பார்கள்?

நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான ஐம்பது மீட்டர் நீச்சல். மொத்தம் பன்னிரண்டு பேர், ஆறு ஆறாக இரண்டு ஹீட். எத்தனை நொடியில் நீந்தி முடிப்போம் என்று நாமே படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மெதுவான நேரம் எழுதிய ஆறு பேர் முதல் ஹீட், வேகமான ஆறு பேர் இரண்டாவது ஹீட். கொடுத்த நேரம் கொடுத்ததுதான், மாற்ற முடியாது என்பது எங்கள் கோச் கண்ணுச்சாமி மாஸ்டரின் சட்டம்.

முத்துமீனா இரண்டு நிமிஷம் என்று எழுதியிருந்தாள். பரவை மார்க்கெட்டில் தக்காளி மண்டி நடத்துகிறவள், கையும் தோளும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். ஐம்பத்தோரு நொடியில் சுவரைத் தொட்டாள். அப்படியும் இரண்டாம் இடம்தான்.

முதலில் வந்த ஸ்ரீஜா எழுதியிருந்தது இரண்டு நிமிஷம் ஐந்து நொடி. வங்கியில் வேலை பார்ப்பவள், எண்களில் தப்பு செய்யமாட்டாள். தினமும் காலை பேட்ச்சில் நான் ஒரு தடவை போய்த் திரும்புவதற்குள் என்னை இரண்டு தடவை தாண்டிப் போகிறவள்.

மற்ற நான்கு பேருக்கும் இதே கதைதான். எங்கள் பேட்ச்சின் வேகமான ஆறு பேரும் மெதுவான ஹீட்டில் ஒன்றாக வந்து விழுந்து, ஒரே ஒரு கோப்பைக்காக உயிரை விட்டு நீந்தினார்கள். மேலே தகரக் கூரைக்கடியில் இருந்த கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது.

காரணம் இருந்தது. வழக்கமாக எல்லா ஹீட்டையும் சேர்த்துப் பார்த்து, யார் வேகமோ அவருக்குத்தான் பரிசு. இந்த வருடம் ஒவ்வொரு ஹீட்டிலும் முதலில் வருபவருக்கு ஒரு கோப்பை என்று மாற்றிவிட்டார்கள். அதைப் படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பின்பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

விஷயம் தெரிந்தவருக்கு வழி சுலபம். நேரத்தைக் கூட்டி எழுதி, மெதுவாக நீந்துகிறவர்களோடு சேர்ந்துகொண்டால் போதும், கோப்பை கைக்கு வந்துவிடும். அதுவும் ஒருத்தி மட்டும் அப்படிச் செய்தால்.

ஆறு பேரும் அந்த ஒருத்தி தான்தான் என்று நினைத்திருந்தார்கள்.

நான் என் உண்மையான நேரத்தைத்தான் எழுதினேன். ஒரு நிமிஷம் இருபத்தைந்து நொடி. பள்ளிக்கூடத்தில் நன்னெறி வகுப்பு எடுக்கிறவள் நான், படிவத்தில் பொய் எழுதக் கை வராது.

அதனால் எனக்கு வேகமான ஹீட். அதிலும் நட்டநடு லேன். எழுதியதிலேயே வேகமான நேரம் என்னுடையதாகிப் போயிருந்தது.

என் இடப்பக்கம் போன மாதம்தான் தண்ணீருக்குள் மூச்சு விடக் கற்றுக்கொண்ட தர்மாம்பாள் மாமி. வலப்பக்கம் ஜெனிஷா, பாதி தூரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, மூக்கைச் சிந்திவிட்டுத்தான் மீதி தூரம் போவாள். இவர்களிடம் தோற்றால் வெளியே தலைகாட்ட முடியாது.

எனக்கு அந்தக் கோப்பை வேண்டும். நேராகவே சொல்லிவிடுகிறேன், அப்படி ஓர் ஆசை. எங்கள் வீட்டு ஷோகேஸில் இருபத்தொரு கோப்பைகள் இருக்கின்றன. எல்லாம் என் கணவர் இன்பசேகரன் கேரம் ஆடி வாங்கியவை. வாரா வாரம் துடைப்பது மட்டும் நான். நான்கு வருஷமாக விடியலில் நான் பையைத் தூக்கும்போதெல்லாம் போர்வைக்குள்ளிருந்தே, "போயி நல்லா நனைஞ்சிட்டு வா" என்பார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. இதுவரை ஒரு சோப்பு டப்பாகூடப் பரிசாக வாங்கியதில்லை.

விசில் ஊதினார்கள். குதித்தேன்.

முப்பது மீட்டரில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. பக்கத்தில் மாமியின் கை தெரிந்தது. இந்த மாமிக்கு எங்கிருந்து இவ்வளவு வேகம் வந்தது? கர்த்தரைக் கூப்பிட்டேன். இந்த விஷயத்தில் அவரைக் கூப்பிடலாமா என்ற சந்தேகமும் கூடவே வந்தது. யோசிக்க நேரமில்லை, காலை உதைத்தேன்.

கையில் சுவர் தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் மாமி இரண்டு முழம் பின்னால் இருந்தார். ஜெனிஷா இன்னும் கயிற்றிலேயே நின்றிருந்தாள்.

கண்ணுச்சாமி மாஸ்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஆன்சி டீச்சர் ஒரு நிமிஷம் இருபத்தஞ்சுன்னு போட்டாங்க, அச்சு மாறாம இருபத்தஞ்சுலயே வந்து தொட்டுட்டாங்க. நேர்மைன்னா என்னன்னு டீச்சரப் பாத்துக் கத்துக்கங்கம்மா. வேற யாருக்கும் நான் இதச் சொல்லல, முத ஹீட்டுக்குத்தான் சொல்றேன்."

கூட்டம் சிரித்தது. என் கணவர் எழுந்து நின்று கைதட்டினார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் எனக்காக அவர் கைதட்டி நான் பார்த்ததில்லை. கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, முகமெல்லாம் ஏற்கெனவே தண்ணீர்தான்.

கோப்பை சின்னது, சொம்பு அளவுகூட இருக்காது. துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உடை மாற்றும் அறைப் பக்கம் நடந்தேன். முத்துமீனா ஈரத் தலையோடு வந்து வழியில் நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"டீச்சர், அந்தப் பின்பக்கத்துல இருந்தத எங்கிட்ட மட்டுந்தான சொன்னீங்க?"

"உங்கிட்ட மட்டுந்தான்" என்றேன்.

அவளுக்குப் பின்னால், தலையைத் துவட்டியபடி, முதல் ஹீட்டில் தோற்ற மற்ற நான்கு பேரும் தனித்தனியாக என்னைத் தேடி வந்துகொண்டிருந்தார்கள்.