ஐந்தடி

இறந்துபோன அண்ணன் சேர்த்துவைத்திருந்த பழைய கேமராத் துணைக்கருவிகளை விற்பதற்காக, எது என்னவென்று அடையாளம் சொல்ல அண்ணி என்னை அழைத்திருந்தார். நிபுணனான நான், எதிரில் இருப்பது எத்தனை அடி தள்ளி என்று காட்டும் மிக அரிதான தூரமானியை எடுத்ததுமே கீழே போட்டேன்.

பதறிப்போய் எதிர்ச்சுவரைப் பார்த்துச் சோதித்தேன். சுவர் பத்தடி தூரம். நடுவில் ஒரு ஈகூட இல்லை. சக்கரத்தை எப்படித் திருப்பினாலும், சரியான தூரத்தில் ஒன்றாக வேண்டிய இரட்டைப் பிம்பம் ஐந்தடியில்தான் ஒன்றுசேர்ந்தது.

“அண்ணி, கெடுத்துட்டேன். நானே வாங்கிக்கறேன்.”

காலையிலிருந்து இதற்கு மட்டும் விலை சொல்லாமல் மழுப்பிய அண்ணி, “எவ்வளவு காட்டுது?” என்றார்.

“அஞ்சடி.”

அவர் முகம் மலர்ந்தது.

“உங்க கைபட்டு உடையாத ஒரே பொருள் இதுதான் தம்பி. இதை விக்க மாட்டேன். போன மாசம் ஏழடி காட்டுச்சு. உங்கண்ணன் கிட்டக் கிட்ட வந்துட்டிருக்கார்.”