புதுக் குதிரைக்குப் பழைய காது

ஆன்லின் குதிரையின் இடது காதைக் கடித்தாள்.

பிளாஸ்டிக் கசந்தது. கடைவாய்ப் பல்லில் வைத்து இன்னொரு முறை கடித்துவிட்டு, கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தாள். சரிதான். தங்கை பவுலின் சின்ன வயதில் கடித்த கடி அப்படியே வந்திருந்தது.

பக்கத்து வீட்டு போனுக்கு அப்பா கூப்பிட்டிருந்தார். மதுரை விடுதியிலிருந்து பவுலினை அழைத்துக்கொண்டு ஜங்ஷனில் இறங்கியாயிற்று, ஆட்டோ பிடிக்கப் போகிறார். ஆற்றுப்பாலத்தில் நெரிசல் இருந்தால் நல்லது.

பழைய குதிரை போன வாரமே போய்விட்டது. அம்மா அதை உடைந்த பக்கெட்டோடு சேர்த்து வண்டிக்காரனிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கியிருந்தாள். ஆன்லினுக்கு இன்று மத்தியானம்தான் தெரியும்.

விடுதிக்குப் போக மாட்டேன் என்று அழுத பவுலின் ஒரே ஒரு நிபந்தனையில்தான் பஸ் ஏறினாள். அவள் திரும்பி வரும்வரை குதிரை அவள் கட்டிலிலேயே இருக்க வேண்டும். கையில் அடித்துச் சத்தியம் செய்தவள் ஆன்லின். அது பொய் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளை இந்த வீட்டில் யாரையும் நம்பாது.

தெற்கு பஜாரில் அதே அச்சில் வார்த்த குதிரை ஒன்று கிடைத்தது. பச்சை. யோசிக்காமல் வாங்கிவிட்டாள்.

இனி அதற்கு வயதாக வேண்டும்.

புது வழுவழுப்பை உப்புத்தாள் தின்றது. முன்னங்கால் மெழுகுவர்த்திச் சுடரில் வளைந்தது. கழுத்தில் தேங்காய் எண்ணெய் ஏறியது. கல்லூரி நூலகத்து மொழிபெயர்ப்பு நாவல்களில், பனியில் மூச்சுப் புகைய ஓடிய எத்தனையோ குதிரைகளை அவள் அறிவாள். ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. இந்தக் குதிரையை மட்டும் அங்குலம் அங்குலமாகத் தெரியும்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏட்டி, அது செவப்புக் குதிரைல்லா?"

"அதக் கேக்க நீதான் ஆளு. புளியங்கொட்ட ஒண்ணு எடுத்துக் குடும்மா. பேரீச்சங்கொட்டயத் தந்துராத, சத்தம் மாறிரும்."

அம்மா புளி ஜாடியைத் துழாவினாள்.

வயிற்றைக் கீறிக் கொட்டையை உள்ளே தள்ளி, அடுப்பில் காய்ச்சிய கரண்டிக் காம்பால் கீறலை இழுத்து மூடியபோது வாசலில் ஆட்டோ நின்றது. ஆன்லின் குலுக்கினாள். அதே கடகட. ஓடிப்போய்க் கட்டிலில் வைத்தாள்.

"பைய வா மக்ளே, படி இருக்கு" என்றார் அப்பா.

"நம்ம வீட்டுப் படி எனக்குத் தெரியாதாப்பா?"

பவுலின் தன் மடக்குக் குச்சியைக் கதவோரம் சாத்திவிட்டு, எதிலும் இடிக்காமல் நேரே கட்டிலுக்குப் போனாள். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவள். வீட்டை அவள் விரல்களால்தான் அறிவாள்.

விரல்கள் காதுக்குப் போயின. காலுக்குப் போயின. குலுக்கினாள். முகர்ந்தாள்.

ஆன்லின் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

பவுலின் குதிரையைத் தூக்கிக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டாள். பிறகு கையை நீட்டி அக்காவைத் தேடி, கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்து, வேறு யாருக்கும் கேட்காதபடி கேட்டாள்:

"வயிறு இன்னும் சுடுது. இன்னைக்குத்தான் பொறந்துச்சாக்கா?"