புரட்டாசியில் ஒரு முட்டை

அதைக் கோழிமுட்டை என்பாரும் உண்டு, வாத்துமுட்டை என்பாரும் உண்டு. அதன் கர்வத்தைப் பற்றி மட்டும் இருவேறு கருத்தில்லை.

பேக்கரி அலமாரியில் அது வீற்றிருந்தது. புரட்டாசி பிறந்ததும் ஊரார் முட்டையைத் தவிர்த்தனர். மாஸ்டர் கேக் மாவில் கனிந்த வாழைப்பழத்தையும் தயிரையும் சேர்த்தார்.

“அடே தயிர்ச்சட்டி, உன்னை நம்பி இறங்கிவிட்டாரே! கேக் எழும்பாது, அடைதான் வரும். கடைசியில் என் காலில்தான் விழவேண்டும்,” என்றது முட்டை.

“உங்களுக்குக் கால் ஏது அண்ணே?” என்றது சட்டி.

கேக் பஞ்சுபோல் எழும்பியது. “தற்செயல்,” என்றது முட்டை. மறுநாளும் எழும்பியது. “வெயில் செய்த வேலை,” என்றது. மழைநாளிலும் எழும்பியபோது தூங்குவதுபோல் இருந்துகொண்டது. ஆனாலும் மாஸ்டரின் கை அலமாரிப் பக்கம் வரும்போதெல்லாம், தன்னைத்தான் அழைக்கிறார் என்று உள்ளுக்குள் குலுங்கியது.

ஐப்பசி பிறந்தது. மாஸ்டர் அதையும் புதிய முட்டைகளையும் நல்லதா கெட்டதா என்று தண்ணீரில் இட்டுப் பார்த்தார். மற்றவை அடியில் படுத்துவிட்டன. அது மட்டும் மேலே வந்து மிதந்தது.

“பார்த்தாயா சட்டி! எழும்பத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்!”

மாஸ்டரின் கை அதை எடுத்துக் குப்பைக்கூடைப் பக்கம் திரும்பியது.

“ஆமாம் அண்ணே,” என்றது சட்டி. அன்றுதான் முதன்முறையாக அது எதிர்த்துப் பேசவில்லை.