இறக்கி வைத்ததும் வரும் சத்தம்

சம்பந்தியம்மா வாசித்த மூன்றாவது பாட்டுக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

அவர் பியானோ டீச்சர். கல்யாணத்தன்று எங்கள் வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் நடந்து வரும்போது அவர்தான் வாசிக்கப் போகிறார். என்ன வாசிப்பது என்று நான் சொல்ல வேண்டுமாம். "சித்தப்பாதான் சொல்லணும்" என்று பெண் ஒரே பிடியாக நின்றுவிட்டாள்.

எனக்குப் பியானோவைத் தெரியும். சங்கீதம் தெரியாது.

முப்பது வருஷமாகச் சுமக்கிறேன். இந்த அறைக்குள் நுழைந்ததுமே எடை போட்டுவிட்டேன். இருநூற்று முப்பது கிலோ, நாலு ஆள், தோளில் மாட்டித் தூக்க இரண்டு பட்டை.

கிளம்பும்போதே என் வீட்டுக்காரி சொல்லி அனுப்பினாள். "மூணு நாலு வாசிப்பாங்க. ஏதாவது ஒண்ணுக்குத் தலைய ஆட்டிட்டு வாங்க. வாய விட்டுராதீங்க."

மூன்றும் எனக்கு ஒன்றுபோலவே இருந்தன. இந்தக் கிளாசிக்கல் வீட்டில் நான் எதையாவது உளறினால் போவது பெண்ணின் மானம். சட்டை நனைந்துவிட்டது.

"எத்தனை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பீங்க சம்பந்தி. ஏதாவது ஒண்ணு காதுல நின்னிருக்குமே."

ஒன்று நின்றிருக்கிறது. பியானோவை இறக்கி, கம்பளியை உருவியதும் எல்லா வீட்டிலும் முதலில் அதைத்தான் வாசிப்பார்கள். அடியில் ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகும். வாயால் பாடிக் காட்டினேன். லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி இருந்திருக்கும்.

மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அது பாட்டு இல்ல மாமா. தூக்கிட்டு வந்ததுல எதுவும் ஒடஞ்சிருக்கான்னு ஒவ்வொரு கட்டையா அமுக்கிப் பாக்கிறது."

காது சுட்டது. இத்தனை வருஷமும் பாட்டென்றே நினைத்திருந்தேன். வாயை விட்டாயிற்று, இனி என்ன.

"பாட்டோ என்னவோ மாப்ள. அது கேட்டாத்தான் எங்களுக்கு மூச்சு வரும். பாரம் எறங்கிருச்சு, ஆளுக்கு ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம்."

"அப்ப நான்தான் பாரமா சித்தப்பா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்.

கிண்டல்தான். ஆனாலும் என் கை வலது தோளுக்குப் போனது.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. மறுபடி கட்டைகளின்மேல் கை வைத்தார். வலது கை ஒவ்வொன்றாக, ஆள் நடக்கிற வேகத்தில், மேலே ஏறியது. இடது கை கீழேயே நின்று அதைத் தாங்கியது.

மாடிப்படியில் நாங்கள் ஏறுவதும் இப்படித்தான். எடை முழுக்கக் கீழே நிற்பவன்மேல்தான்.

ஒருநாள் அப்படிக் கீழே நின்றது இவளுடைய அப்பன், என் அண்ணன். மேலே பிடித்திருந்தது நான். இரண்டாம் மாடித் திருப்பத்தில் என் பட்டை நழுவியது.

அந்த ஒரு வீட்டில் மட்டும் யாரும் எந்தக் கட்டையையும் அமுக்கிப் பார்க்கவில்லை.

அப்பனும் போனபின், ஆறு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். விவரம் தெரிந்த வயதில், நழுவியது என் பட்டைதான் என்று நானே உட்காரவைத்துச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் சித்தப்பா என்று கூப்பிட்டு, செருப்பு அறுந்துவிட்டது என்றாள்.

சம்பந்தியம்மாவின் வலது கை கடைசிக் கட்டைவரை போய் நின்றது. எதுவும் உடைந்திருக்கவில்லை.

"இதையே வாசிங்க அத்தை" என்றாள் பெண்.

பிறகு எழுந்து வந்து, என் வலது தோளில் பட்டை அறுத்துக் காய்த்துப்போன இடத்தில் கை வைத்தாள். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எறங்கிருச்சு சித்தப்பா."