சுயமாக ஒரு முடிவு

"ஊருக்குப் போட்டுக்க நீலச் சட்டையா, வெள்ளையா?" பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு மனைவி கேட்டாள்.

"அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனே."

"ஸ்வெட்டர் ஒண்ணு போதுமா?"

"அதையும் அம்மாகிட்டயே..."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் சுயமாக ஒரு முடிவு எடுத்து அவள் பார்த்ததில்லை.

"அத்தை இல்லாத ஊர்ல ஒரு மாசம் எப்படித்தான் குப்பை கொட்டப் போறீங்களோ!"

மறுவாரம் மாமியாரும் மருமகளும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டில் நடந்த கிரிக்கெட் தொடரின் முதல் டெஸ்ட். கடைசி விக்கெட். ஸ்டம்ப் சிதறியது. ரன் அவுட் என்று பதினொரு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு அலறினார்கள்.

அவர்களுக்கு நடுவே அம்பயராக நின்றவர், அவள் புருஷன்!

"இந்த ஒரு தடவையாவது நீங்களே சொல்லிடுங்களேன்" என்று டி.வி.யைப் பார்த்துக் கெஞ்சினாள்.

அவர் இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு காற்றில் சதுரம் வரைந்து, மூன்றாவது அம்பயரைக் கேட்டார்.

மாமியாரின் முகம் வாடிவிட்டது.

"நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன். இவன் அங்க யாரைம்மா கேட்கறான்?"