அசல் என்று எழுதிக் கொடுத்தவர்

"நான் பிழை விட்டிட்டன், பிள்ளை," என்றார் நாகேந்திரம்.

கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில், எதிர்க் கதிரையில் இருந்த பர்ஹா திடுக்கிட்டாள். அவள் மடியில் துவாயால் சுற்றிய வெண்கலச் சிலை. வில்லோடு வேட்டைக்குப் புறப்படும் டயானா தெய்வம். இறந்துபோன அவள் வாப்பா ஹுசைனின் கொட்டாஞ்சேனை வீட்டு அலுமாரியில் நின்றது.

'பிரெஞ்சுச் சிற்பி தன் கையாலேயே செய்தது' என்று 2001இல் எழுதிக் கொடுத்தவர், வாப்பாவின் நண்பரான இதே நாகேந்திரம்தான். பழம்பொருள் மதிப்பீட்டில் அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை.

"அவிழ்த்துக்கூடப் பார்க்கயில்லையே அங்கிள்? ஏலத்துக்குக் குடுத்த இடத்தில, பாரிஸ்ல ரெண்டு மதிப்பீட்டாளர்கள் சண்டை பிடிக்கிறாங்க. உங்கட கடிதத்தில ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தவர் அசல் எண்டார். சிலையைக் கையில எடுத்தவர் நகல் எண்டார். ஏலக்காரங்க என்னைக் கள்ளி மாதிரிப் பார்த்தாங்க. நீங்க இன்னொருக்கா எழுதித் தந்தீங்க எண்டா..."

"நகல் எண்டு சொன்னவர்தான் சரி."

"அப்ப, இவ்வளவு காலமும் எங்களை ஏமாத்தினீங்க?"

நாகேந்திரம் நாற்பது வருடமாகச் சேர்த்த பெயர். போனால் போகட்டும்.

பர்ஹா அந்தக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. மகன் கஜீவன். இரண்டாயிரத்தெட்டில் வெள்ளை வேனில் வந்தவர்கள் பிடித்துக்கொண்டு போய், ஐம்பது நாள் கழித்து விட்ட பிறகு, யாராவது குரலை உயர்த்தினால் அவன் இப்படித்தான் வந்து வாசலில் நின்றுவிடுவான்.

"ஒண்டுமில்லையடா தம்பி. நீ உள்ள போ."

பர்ஹா சிலையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"எங்கட வாப்பா மடையன்தான் அங்கிள். உங்களைப் போய் நம்பினாரே! கடைசியில பிள்ளைக்கு விட்டுட்டுப் போனது ஒரு பொய்ச் சிலை."

நாகேந்திரம் உயிர் போனாலும் சொல்வதில்லை என்று ஹுசைனின் கையைப் பிடித்துக் கொடுத்த வாக்கு அது. ஆனால் அந்த மனிதனை, அவன் பெற்ற பிள்ளையே மடையன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போவதா?

எழுந்து போய், மகனின் தோளைப் பிடித்து அவள் முன்னால் நிறுத்தினார்.

"அலுமாரியில நகலைக் கொண்டுவந்து வைச்சது உங்கட வாப்பாதான், பிள்ளை. அசலை வித்துத்தான் இவனை உயிரோட மீட்டுத் தந்தவர்."